பற்சக்கரம்

மரத்துப்போன உதட்டோடு செய்யது மீரான் ஏதோ சொன்னார்.
'மாஷ்ழ' என்று கேட்டது.
கடைவாயில் பஞ்சு, தாடையில் எச்சில்.
துப்பச் சொல்லி மறுபடி கேட்டேன்.
அவர் வீட்டு நெல் கொட்டகையில்
ஒரு மேட்ச்லெஸ் கிடக்கிறதாம்.
பிடுங்க வந்த பல்லை நான் மறந்தே போனேன்;
அவர்தான் விரலால் தொட்டுக் காட்டினார்.

மன்னார்குடியில் என் கிளினிக்குக்குப் பின்னால்
எக்ஸ்ரே அறைக்கென்று கட்டிய இடத்தில்
ஏற்கெனவே மூன்று நிற்கின்றன.
ஒரு பிஎஸ்ஏ, ஒரு நார்ட்டன்,
இன்னொன்று பாதி ஏரியல், மீதிப் பாதி எதுவென்று
எனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.
பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது:
'சார் எங்க?'
சார் கும்பகோணத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருக்கிறார்.
பஸ்ஸில் போகிறார்.
நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார்.

பகலெல்லாம் பல்.
ராத்திரி பற்சக்கரம்.
கார்புரேட்டரின் ஜெட் துளையை
சொத்தை தேடும் அதே ஊசியால் குத்துகிறேன்.
வாய்க்கண்ணாடியைச் சிலிண்டருக்குள் விட்டால்
கரி படிந்த ஓர் அண்ணம்.
மில்லிமீட்டரும் சேராது, அங்குலமும் சேராது,
விட்வொர்த் என்று தனி அளவு.
அந்த ஸ்பேனர்களும் என் குறடுகளும்
ஒரே ட்ரேயில் இருப்பதில்லை. சத்தியமாக.

ஞாயிற்றுக்கிழமை கூத்தாநல்லூர் போனேன்.
லெட்சுமாங்குடிப் பாலத்தடியில்
மேட்டூர்த் தண்ணீர் நுரையும் செருப்புமாய் வந்துகொண்டிருந்தது.
ஊரே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தது;
எனக்கு நிற்கப் பொறுமையில்லை.

சாக்குகளுக்குப் பின்னால் இருந்தது.
பின்சக்கரம் இல்லை. டேங்கின் வாயில் குளவிக்கூடு.
தவிட்டுத் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தேன்:
சிறகு முளைத்த ஓர் 'எம்'.
மேல்பூச்சு உரிந்த இடத்தில் ராணுவப் பச்சை,
யாருடைய யுத்தத்துக்கோ அடித்தது.

மீரானின் அக்கா ரஹ்மத்து நாச்சியா
சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்:
'இது ஓடி நான் பாத்ததில்ல.
தள்ளிக்கிட்டுப் போறதத்தான் பாத்திருக்கேன்.'
விலை எண்பதாயிரம்.
'ஓடாத வண்டிக்கா?'
'ஓடுனா நீங்க ஏன் வாங்கப் போறீங்க?'

புது நாற்காலிக்குச் சேர்த்த பணம் போனது.
பின்சக்கரம் பெல்காமிலிருந்து லாரியில் வந்தது,
டயரெல்லாம் வெங்காய வாசனை.
பதினாறு மாதம்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை.
கார்புரேட்டரின் குமிழை விரல் நனையும்வரை அழுத்து.
தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளு.
நெம்பியை இழுத்து மூச்சை விடச்சொல்லு.
இப்போது உதை.
பதினோராவது உதைக்கு அது திருப்பி உதைத்தது,
கணுக்காலில்.
பன்னிரண்டாவதற்கு
பம்புசெட் மாதிரி இல்லை, புல்லட் மாதிரியும் இல்லை,
குற்றத்தை விட்டு விட்டு ஒப்புக்கொள்கிறவன் குரல் மாதிரி
ஒன்று.

பாமணியாற்றுக் கரை.
வலது காலில் கியர், இடது காலில் பிரேக்.
இருபது வருஷக் கால்களை
ஒவ்வோர் ஆட்டுக்கும் முன்னால் திருத்தவேண்டியிருந்தது.
ஒருமுறை கியரென்று பிரேக்கை மிதித்தேன்;
நடவுக்காரப் பெண்கள் நாற்றோடு நிமிர்ந்து சிரித்தார்கள்.

நாலாவது கிலோமீட்டரில் நின்றது.
டிராக்டரை ஓரங்கட்டி ஒரு பையன் கேட்டான்:
'என்ன குடுக்கும் மேடம்?'
'எண்ணெய்' என்றேன்.
என் சுடிதாரைப் பார்த்தான்,
கரைப்புல்லைப் பார்த்தான்,
மேலே ஒன்றும் கேட்கவில்லை.

தள்ளிக்கொண்டு திரும்பினேன்.
சைலன்சரின் சூடு முழங்காலில்.
பெட்ரோல் டேங்குக்குள் அலம்பி அலம்பி வந்தது.
கோளாறு எங்கே இருக்கலாம்? நாலு இடம் தோன்றியது.
பாலம் தாண்டுவதற்குள் ஏழு.
பசி தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மீரான் வந்தார்,
பக்கத்துப் பல்லுக்குக் கேப் போட.
'வண்டி ஓடுதா டாக்டர்?'
கையுறையை மாட்டினேன், நகத்துக் கரி மறைந்தது.
விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேரே நிறுத்தினேன்.
'ஆ காட்டுங்க.'